எண்நொடியின் சமூக அடிப்படை: இலக்கங்களைத் துப்பாகக் கொண்ட புதிர்கள் பற்றிய ஒரு நோக்கு

1

விடுகதையை நாட்டார் இலக்கியத்தின் ஒரு கூறாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் எம்மிடையே ஓரளவு நடைபெற்றுள்ளன. ஆயின் அதன் கிளைகளுள் ஒன்றாகிய எண்நொடி ஆய்வாளரின் கவனத்தைப் பெருமளவு ஈர்த்ததாகக் கூறமுடியாது. இலக்கிய ஆய்வாளர் அதனைக் கணிதத்துக்குரியது என ஒதுக்கிவிடுகின்றனர். கணிதம் கற்பிப்போர் அதனைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு புறக்கணிப்புகளுக்குமிடையில், நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஓர் இலக்கிய வடிவம் திறனாய்வின்றியே நின்றுவிடுகின்றது. இன்று அவ்வடிவம் பரீட்சை வினாத்தாளினுள் நுழைந்து, பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கருவிகளுள் ஒன்றாகவும் மாறியிருப்பதால், அதனைத் திறனாய்வுக்குட்படுத்துவது இனியும் ஒத்திவைக்கத்தக்கதன்று.

தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி எனச் சுட்டி அதனை இருவகைப்படுத்தும். ஒன்று, ஒப்புமையால் பொருளை மறைத்துக் கூறுவது. மற்றையது, வெளிப்படத் தோன்றும் இயல்புகளைச் சொல்லி, அவற்றிலிருந்து பொருளைத் துணியவைப்பது. ‘இலக்கங்களின் கூட்டுத்தொகை இவ்வளவு, நடு இலக்கம் இன்னது, நேர்மாறாக எழுதினால் இவ்வளவு கூடும்’ என்றவாறு அமையும் எண்நொடிகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை எனக் கொள்ளலாம். அவற்றில் உவமை இல்லை, மறைப்பும் இல்லை. கூறப்பட்டவை யாவும் உண்மை. கூறப்பட்டவை யாவும் போதுமானவை. அவிழ்ப்பவரிடம் வேண்டப்படுவது துணிபு ஒன்றே.

இத்தகைய நொடியைச் சமூகத்துக்கு அப்பாற்பட்ட தூய அறிவு விளையாட்டு எனக் கருதுவது பொதுவழக்கு. இக்கருத்து ஏற்புடையதன்று என்பதையும், அதேவேளையில் இந்நொடியின் சமூகத் தன்மையைச் சுட்டுவதன் பேரால் அதனைப் புறந்தள்ளுவதும் தவறென்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நொடியின் இயல்பைப் பற்றிப் பேசுமுன் நொடி ஒன்றை அவிழ்த்துப் பார்த்தல் நன்று. கவிதையை வாசிக்காது கவிதை பற்றிப் பேசும் திறனாய்வைப் போன்றதே, அவிழ்க்காது நொடி பற்றிப் பேசும் ஆய்வும். பின்வருவது, நாம் இவ்விடத்திற்கென அமைத்துக்கொண்டது.

‘நான் மூன்று இலக்கங்களாலான ஓர் எண். என் இலக்கங்களைக் கூட்டினால் 14 வரும். என் நடு இலக்கம் மற்றைய இரண்டினதும் கூட்டுத்தொகைக்குச் சமன். என்னை நேர்மாறாக எழுதினால் 297 கூடுவேன். நான் யார்?’

மூவிலக்க எண்கள் மொத்தம் 900. முதலாவது துப்பை நிறைவுசெய்வன அவற்றுள் 70 மட்டுமே. இரண்டாவது துப்பின்படி, நடு இலக்கம் எஞ்சிய இரண்டின் கூட்டுத்தொகையாயின், மொத்தமாகிய 14 இல் சரிபாதி அதுவாகும். எனவே நடு இலக்கம் 7. ஓரங்களில் நிற்கும் இரு இலக்கங்களும் கூடி 7 ஆதல் வேண்டும். இப்போது எம்முன் நிற்பவை 176, 275, 374, 473, 572, 671, 770 என்னும் ஏழு எண்களே. ஈற்றுத் துப்பு இவ்வேழிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்கின்றது. ஓர் எண்ணை நேர்மாறாக எழுதும்போது நூறாமிடத்து இலக்கம் ஒன்றாமிடத்துக்கும், ஒன்றாமிடத்து இலக்கம் நூறாமிடத்துக்கும் செல்கின்றன. நடு இலக்கம் அசைவதில்லை. ஆகவே ஏற்படும் வேறுபாடு, ஓர இலக்கங்களின் வேறுபாட்டை 100 இலிருந்து 1 ஐக் கழித்த 99 ஆல் பெருக்கிவருவதாகும். 297 என்பது 99 இன் மும்மடங்கு. எனவே ஈற்றிலக்கம் முதலிலக்கத்திலும் 3 கூடியது. கூடி 7 உம் வேறுபட்டு 3 உம் ஆகும் இரு இலக்கங்கள் 5 உம் 2 உம் ஆம். விடை 275. நேர்மாறாக எழுதின் 572, வேறுபாடு 297.

இங்கு 900 எண்கள் 70 ஆகி, 70 ஏழாகி, ஏழு ஒன்றாகின்றன. ஒவ்வொரு துப்பும் தன் பங்கைச் செய்கின்றது, எதுவும் மிகையன்று. ‘நான் 11 ஆல் மீதியின்றி வகுபடுவேன்’ என நாலாவது துப்பொன்றைச் சேர்த்திருப்பின் அது வீண்சொல்லாகியிருக்கும். ஏனெனில், நடு இலக்கம் ஓரங்களின் கூட்டுத்தொகையாக அமையும் மூவிலக்க எண் எதுவும் 11 ஆல் வகுபடும். வேறுபாடு 300 எனக் கூறியிருப்பின் நொடி பொய்யாகியிருக்கும். 300 ஆனது 99 இன் மடங்கன்று. 198 எனக் கூறியிருப்பினும் அவ்வாறே. அது 99 இன் இருமடங்காயினும், கூடி 7 உம் வேறுபட்டு 2 உம் ஆகும் முழு எண்கள் இரண்டு இல்லை. எனவே முரணின்மை, போதுமை, மிகையின்மை என்னும் மூன்றையும் எண்நொடியின் தரத்தை அளக்கும் கோல்களாகக் கொள்ளலாம். செய்யுளுக்குச் சொற்செட்டு எவ்வாறோ அவ்வாறே நொடிக்குத் துப்பின் செட்டு.

மேற்காட்டிய அவிழ்ப்பில் இன்னுமொன்று மனங்கொள்ளத்தக்கது. யாரும் யாருடைய சொல்லையும் நம்பவேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் சொன்னார், மூதாதையர் சொன்னார் என்பன போன்ற சான்றுகளுக்கு இங்கு இடமில்லை. விடையை எவரும் சரிபார்க்கலாம். பிழையாயின் எவரும் மறுக்கலாம். இப்பண்பின் பெறுமதியைப் பின்னர் நோக்குவோம்.

3

‘நேர்மாறாக எழுதினால்’ என்னும் துப்பு எண்ணைப் பற்றியதன்று, எழுத்தைப் பற்றியது என்பதை இவ்விடத்தில் வற்புறுத்துதல் வேண்டும். 275 தேங்காய்களை நேர்மாறாக்க முடியாது. நேர்மாறாக்கத்தக்கது, அவற்றின் தொகையைக் குறிக்க நாம் வழங்கும் எழுத்துமுறையே. அவ்வெழுத்துமுறையோ வரலாற்றின் விளைபொருள்.

தமிழ்ச் சாசனங்களிலும் ஏட்டுச்சுவடிகளிலும் பெரும்பாலும் காணப்படும் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. 275 என்பது அம்முறையில் ௨௱௭௰௫ என எழுதப்படும். இதனை ஈற்றிலிருந்து முதல்நோக்கி எழுதினால் ௫௰௭௱௨ என வரும். அது 572 அன்று; எந்த எண்ணுமன்று. மேலும், நூறு என்பதற்கு ௱ மாத்திரமே போதுமாதலால் 111 என்னும் எண் ௱௰௧ என எழுதப்படும். ஒன்று என்னும் இலக்கம் அதில் ஒரேயொரு முறைதான் கண்ணுக்குத் தென்படும். இலக்கங்களைக் கூட்டுக என்றால் அவ்வெழுத்தாளன் எதைக் கூட்டுவான்? எமது நொடி அவனுக்குக் கடினமானதன்று, பொருளற்றது.

அவ்வாறாயின் அவனிடம் எண்நொடி இருக்கவில்லையா? இருந்தது, வேறு வகையில் இருந்தது. அவனுடைய இலக்கங்கள் எழுத்துகளாகவும் இருந்தன. எட்டின் குறியும் அகரமும் ஒரே வடிவின. காலின் குறியும் வகரமும் ஒரே வடிவின. எட்டையும் காலையும் சேர்த்து ‘அவ’ என்னும் முன்னொட்டை வருவித்து, எதிராளியை அவலட்சணம் என வையும் தனிப்பாடல் ஒளவையார் பெயரில் வழங்குவதை யாவரும் அறிவர். காளமேகத்தின் பெயரால் வழங்கும் பாடலொன்று முக்காலில் தொடங்கிப் பின்னங்களை வரிசையாக இறக்கிச் சிலேடை செய்கின்றது. இவை எழுத்தறிந்தார் எழுத்தறிந்தாருக்குக் கூறியவை. பின்னவாய்பாட்டை நெட்டுருச் செய்தவனுக்கன்றி இவற்றின் சுவை புலப்படாது. அவ்வாய்பாட்டைக் கற்பித்த திண்ணைப் பள்ளியோ ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் இன்னொரு வகையைக் காண்கின்றோம். நிலம், பொன், நெல், அரிசி, கல், கால் என அந்நூல் தன் பொருளை வகுத்துக்கொள்வதே அது எவ்வுலகத்தைச் சார்ந்தது என்பதைக் காட்டும். அதில் வரும் புதிரொன்றில், 32 முழ உயரமான பனையில் ஓர் ஓந்தி நாளொன்றுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் வழுக்குகின்றது. முழம் 24 விரல், சாண் 12 விரல் என அறிந்தவனுக்கு, மரம் 768 விரல், நாள் ஏற்றம் 8 விரல், விடை 96 நாள் எனக் கண்டுகொள்வது எளிது. இங்கு துப்பு இலக்கத்தில் இல்லை, அளவையில் உள்ளது. நிலத்தை அளந்து, நெல்லை அளந்து, இறையைக் கணக்கிட்ட சமூகத்தின் நொடி, அளவையையே தன் முடிச்சாகக் கொண்டமை இயல்பே. தென்னிந்தியாவின் எண்களும் அளவைகளும் பற்றிச் செந்தில் பாபு 2022 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, இக்கணக்கறிவு கணக்குப்பிள்ளையின் தொழிலோடும் திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சியோடும் சாதி அதிகாரத்தோடும் பிணைந்திருந்தவாற்றைத் தெளிவுபடுத்தியுள்ளது.

இதே நூலில் உள்ள பலாச்சுளை விதி இன்று மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கப்படுகின்றது. காம்பருகேயுள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளேயிருக்கும் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது அவ்விதி. மூதாதையர் அறியாதது யாதுமில்லை என்பதற்கு அதனைச் சான்றாக்குவோர், விதிக்கும் நிறுவலுக்குமுள்ள வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். முட்களுக்கும் சுளைகளுக்கும் இடையே 5 க்கு 6 என்னும் விகிதம் ஏன் அமையவேண்டும் என்னும் வினாவுக்கு அங்கு விடையில்லை. அது அனுபவத்தின் சுருக்கமாக இருக்கலாம். பழத்துக்குப் பழம் பிழைக்கவும் கூடும். 99 பற்றிய கூற்றோ பிழைக்கமாட்டாது; அதன் காரணத்தை ஒரு பிள்ளைக்கும் விளக்கலாம். பழமைபாராட்டுவோர் விதியைக் கொண்டாடுகின்றனர். நாம் கொண்டாடவேண்டியது காரணத்தையே.

4

இடப்பெறுமானத்தை அடிப்படையாகக் கொண்ட இலக்க விளையாட்டு இந்தியாவில் மிகப் பழையது. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவரான மகாவீரர், கி.பி. 850 அளவில் இயற்றிய கணிதசாரசங்கிரகத்தில், 139 ஐ 109 ஆல் பெருக்க 15151 வருவதையும், 12345679 ஐ 9 ஆல் பெருக்க ஒன்பது ஒன்றுகள் வருவதையும் காட்டி, இத்தகைய பெருக்கங்களைக் கழுத்தணிக்கு ஒப்பிடுகின்றார். முன்னும் பின்னும் ஒன்றாக நிற்கும் இலக்கங்கள் அரசவையின் அணிகலனாகத் தோன்றியமை தற்செயலன்று. உழவனின் நெல்லை அளந்தவன் முழத்திலும் விரலிலும் நொடி கண்டான். அவைக்களத்துக் கணிதர் இலக்கத்தில் மாலை தொடுத்தார்.

இலக்கக் கூட்டுத்தொகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளை நீக்கினால் எஞ்சுவது, அவ்வெண்ணை 9 ஆல் வகுக்க எஞ்சும் மீதியே. இதனைக்கொண்டு பெருக்கலைச் சரிபார்க்கும் முறை, 10 ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டரிடம் காணப்படுகின்றது. இத்தாலிய வணிகச் சூழலில் லியோனார்தோ பிபொனாச்சி 1202 இல் இயற்றிய நூலிலும், 1478 இல் திரெவிசோவில் அச்சான வணிகக் கணித நூலிலும் இம்முறை இடம்பெறுகின்றது. வணிகனுக்கு அது பொழுதுபோக்கன்று. கணக்கில் பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி. புளோரன்ஸ் நகரப் பணமாற்றுநர் சங்கம் 1299 இல் இப்புதிய இலக்கங்களைக் கணக்கேடுகளில் எழுதுவதைத் தடைசெய்தமையையும் இங்கு நினைவுகூரலாம். இலக்கங்களை இலகுவில் திருத்திவிடலாம் என்னும் அச்சமே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இலக்கத்தின் இடம் பணத்தின் பெறுமதியைத் தீர்மானிக்கத் தொடங்கிய சமூகத்திலேயே இலக்கம் பற்றிய விழிப்பும் ஐயமும் கூர்மையடைந்தன. 1612 இல் பிரான்சிய அறிஞர் பாஷே எண்களாலான இன்பப் புதிர்களை நூலாகத் தொகுத்தபோது, கணக்கறையின் கருவிகள் ஓய்வுடையோரின் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்துவிட்டன எனலாம்.

இவ்வரலாற்றின் மறுமுனையில் நிற்பவர் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி. 1940 இல் வெளியான தமது நூலில் அவர் இலக்கப் புதிர்களைக் கடுமையாக ஒதுக்கினார். நாலிலக்க எண்களுள் 8712, 9801 என்னும் இரண்டு மட்டுமே தம் நேர்மாறின் மடங்குகளாக அமைவன. முன்னையது 2178 இன் நான்மடங்கு. பின்னையது 1089 இன் ஒன்பதின்மடங்கு. இது பத்திரிகைப் புதிர்ப்பகுதிக்குத் தகும், ஆயின் முக்கியமான பொதுமை எதனையும் தரமாட்டாததால் கணிதவியலாளரைக் கவரமாட்டாது என்பது அவரது தீர்ப்பு.

இத்தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. ஹார்டியோடும் இராமானுஜனோடும் தொடர்புபட்ட 1729 ஐயே எடுத்துக்கொள்வோம். அது இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் என்பது இராமானுஜன் கூறியது. 12 இன் கனமும் 1 இன் கனமும். 10 இன் கனமும் 9 இன் கனமும். அதே 1729 இன் இலக்கங்களைக் கூட்ட 19 வரும். 19 ஐ அதன் நேர்மாறான 91 ஆல் பெருக்க மீண்டும் 1729 வரும். முன்னையது எண்ணின் பண்பு. பின்னையது எழுத்தின் பண்பு. பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டை அடியாகக் கொண்டு எழுதினால் 1729 என்பது 1001 ஆகிவிடும். கனங்கள் பற்றிய உண்மை நிலைக்கும், 19 உம் 91 உம் மறைந்துவிடும். இவ்வேறுபாட்டை ஹார்டி நன்கறிந்திருந்தார்.

ஆயின் ‘முக்கியமான’ என்னும் சொல்லில் அவரது நிலைப்பாடு ஒளிந்துள்ளது. 1089 இன் நடுவில் ஒரு 9 ஐச் செருகினால் 10989 வரும். அதன் ஒன்பதின்மடங்கு 98901. இன்னுமொரு 9 ஐச் செருகினால் 109989. அதன் ஒன்பதின்மடங்கு 989901. 2178 உம் இவ்வாறே 21978 ஆகி, நான்மடங்கில் 87912 என நேர்மாறாகின்றது. பொதுமை இருக்கவே செய்கின்றது. எமது நொடியில் வந்த 99 ஐயும் அவ்வாறே நோக்கலாம். அடி பத்தாயின் 100 இல் 1 குறைய 99. அடி பன்னிரண்டாயின் 144 இல் 1 குறைய 143. எந்த அடியிலும் அடியின் வர்க்கத்தில் ஒன்று குறைந்த எண்ணே மூவிலக்கப் புரட்டலை ஆள்கின்றது. ஏன் என வினவாதவரைக்கும் அது விந்தை. வினவியதும் அது விதி. பயனின்மையையே தூய்மையின் அடையாளமாகப் போற்றிய அறிஞருக்கு, எழுத்துமுறை போன்ற சமூக ஏற்பாட்டில் தங்கியுள்ள உண்மை தாழ்ந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை. எமக்கோ அதுவே அதன் சிறப்பு. மனிதர் எண்ணக் கற்றுக்கொண்ட பத்து விரல்கள் மனத்தின் சுதந்திரப் படைப்பல்ல என எங்கெல்ஸ் 1878 இல் டூரிங்குக்கு எதிராக எழுதிய நூலில் சுட்டிக்காட்டினார். இலக்க நொடி அப்பத்து விரல்களின் நிழலை எமக்குக் காட்டுகின்றது. இயற்கை எனத் தோன்றுவது வழக்காறே என உணர்த்தும் எவ்வடிவமும் முற்போக்கு நோக்குடையோரின் கவனத்துக்குரியது.

5

இவ்வடிவம் இன்று எம் நாட்டில் எந்நிலையில் உள்ளது? 1940களில் கன்னங்கராவின் பெயரோடு இணைந்து உருவான இலவசக் கல்விக் கொள்கையின் உடன்பிறப்பாக வந்ததே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. வசதியற்ற பிள்ளை வசதியுள்ள பாடசாலைக்குச் செல்ல வழிசமைப்பது அதன் குறிக்கோள். எண்கோலங்களும் எண்புதிர்களும் அதில் உளச்சார்பை அளக்கும் வினாக்களாக இடம்பிடித்துள்ளன. மனனம் செய்த அறிவை அன்றி, சிந்திக்கும் ஆற்றலை அளத்தற்கு நொடி ஏற்றதென்னும் எண்ணம் தன்னளவில் தவறானதன்று.

ஆயின் நடைமுறை யாது? மேற்கூறிய நொடியை இரு பிள்ளைகளிடம் கொடுப்பதாகக் கொள்வோம். ஒரு பிள்ளை, கட்டணம் செலுத்தும் தனியார் வகுப்பில், ‘புரட்டினால் வரும் வித்தியாசத்தை 99 ஆல் பிரி’ என்னும் குறுக்குவழியை ஏற்கெனவே பெற்றுள்ளது. காரணம் அதற்குக் கூறப்படவில்லை. மற்றைய பிள்ளை, தோட்டத்துப் பாடசாலையொன்றில், அவ்விதியைக் கேள்விப்படாது, ஏழு எண்களையும் எழுதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து 275 ஐ அடைகின்றது. இருவருள் சிந்தித்தவர் யார் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடைத்தாளில் இருவரும் எழுதுவது ஒரே எண். வேறுபடுவது நேரம் மட்டுமே. நேரத்தால் அளக்கும் பரீட்சையில் முந்துவது வாங்கப்பட்ட விதி. சிந்தனையை அளக்கவந்த கருவி, பெற்றோரின் பணப்பையை அளக்கத் தொடங்குகின்றது. பண்டமாகிவிட்ட அறிவு தன் தோற்றத்தை மறைப்பது போலவே, குறுக்குவழியும் தன் காரணத்தை மறைக்கின்றது. பலாச்சுளை விதியை நெட்டுருச் செய்த மாணவனுக்கும் 99 ஐ நெட்டுருச் செய்த மாணவனுக்கும் இடையே இப்போது வேறுபாடு எதுவுமில்லை.

இதனைக் காட்டி, எண்நொடி மேட்டுக்குடியினரின் ஓய்வுநேர விளையாட்டு, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என வாதிடும் நண்பர்களும் உளர். இது வடிவத்தையும் அதன் பயன்பாட்டையும் ஒன்றெனக் கொள்ளும் இயந்திரப்பாங்கான நோக்கு. யாப்பு அரசவையில் வளர்ந்தது என்பதற்காக நாம் யாப்பைக் கைவிடவில்லை; அதனை மக்கள் பாடலாக்கினோம். நாம் முன்னர் சுட்டியதுபோல, நொடி அவிழ்ப்பில் அதிகாரத்துக்கு இடமில்லை. ஆசிரியரின் விடை பிழையென மாணவர் நிறுவத்தக்க அரிய தளங்களுள் அது ஒன்று. வேறுபாடு 300 எனக் கூறும் வினாவை எதிர்கொண்டு, ‘இவ்வாறு ஓர் எண் இருக்கமுடியாது’ என எழுந்து நின்று கூறக்கூடிய பத்து வயதுப் பிள்ளை, கணிதத்தை மாத்திரம் கற்கவில்லை.

எனவே எமது கோரிக்கை நொடியை நீக்குவதன்று, அவிழ்ப்பை மீட்பதாகும். விடைக்கு மாத்திரமன்றி, விடைக்கு இட்டுச்சென்ற வழிக்கும் புள்ளி வழங்கப்படவேண்டும். ஏழு எண்களையும் வரிசையாக எழுதிச் சோதித்த பிள்ளையின் உழைப்பு, விதியைப் பிரயோகித்த பிள்ளையின் விரைவுக்குத் தாழ்ந்ததெனக் கருதப்படலாகாது. உண்மையில், அவ்வேழின் வேறுபாடுகளையும் வரிசைப்படுத்தி நோக்கும் பிள்ளையே 99 ஐத் தானாகக் கண்டடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நொடி இயற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தல் வேண்டும். முரணின்றியும் போதுமாகவும் மிகையின்றியும் மூன்று துப்புகளை அமைக்க முயலும் பிள்ளை, அவிழ்க்கும் பிள்ளையிலும் பன்மடங்கு கற்றுக்கொள்ளும். நொடியின் நுகர்வோராக மாத்திரம் இருப்பவர் அதனை இயற்றுவோராக மாறும்போதே அவ்வடிவம் மக்களுடையதாகும்.

இலக்கங்கள் யாருடையவும் அல்ல. இந்தியக் கணிதரும் அரபு அறிஞரும் இத்தாலிய வணிகரும் கைமாற்றித் தந்த அவை மனிதகுலத்தின் பொதுச்சொத்து. அவற்றாலான முடிச்சுகளை அவிழ்க்கும் வழிமட்டும் விலைக்கு விற்கப்படுமாயின், அதனைச் சுட்டிக்காட்டுவது கணித ஆசிரியரின் கடமை மாத்திரமன்று, திறனாய்வாளரின் கடமையுமாகும்.